பங்களா மேட்டில் ஒரு டிராகன்

என் வீட்டுக்காரர் காளிதாஸுக்கு நாற்பது வயதில் ஊர் கட்டும் ஆசை வந்தது. கல்லில் அல்ல, காகிதத்தில். குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர், 1994இல் பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு விளையாட்டுப் புத்தகம் வாங்கி வந்தார். ஒருவர் கற்பனை ஊர் ஒன்றை உருவாக்கிக் கதை நடத்த வேண்டுமாம். மற்றவர்கள் வீரர்களாகி, வாய்ப்பேச்சாலேயே அந்த ஊருக்குள் நடமாட வேண்டுமாம். சண்டை வந்தால் பகடை உருட்ட வேண்டுமாம். நான் டவுன் பக்கம் தெங்கேராவில் கடை வைத்திருந்தவர் மகள். எங்கள் வீட்டு ஆண்கள் சீட்டாடிக் கெட்டிருக்கிறார்கள், இப்படிக் கெட்டதில்லை.

மாதக்கணக்கில் என் சாப்பாட்டு மேசை அவர் வரைபடத்துக்குப் போயிற்று. மேட்டில் டிராகனின் மாளிகை, சுற்றிலும் புல்வெளி, முன்னால் வெள்ளைப் படிகள். கீழே வனதேவர்கள் குடியிருப்பு. வனதேவர்கள் காற்றில் நடப்பவர்களாம். வீடுகள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வரிசை, கோடியில் எல்லாருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய்.

"காத்துல நடக்கிறவங்களுக்கு எதுக்குங்க தோட்டத்து லயத்து வீடு?"

"இது லயம் இல்ல லா. குடியிருப்பு."

"நடுவுல இந்தத் திடல்?"

"காலையில வேலைக்கு முன்னால எல்லாரும் வந்து பேர் குடுக்கிற எடம்."

மெர்லிமாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்த மனிதர். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்த டிராகன் சாகணும், உஷா. எங்கப்பா காலம் பூரா பால்மரம் வெட்டிப் பால் எடுத்தாரு. தொரையோட பங்களாப் படியில ஒருநாளும் கால் வெச்சதில்ல. ஒருத்தனாவது கத்தியோட ஏறணும். அதை நான் பார்க்கணும்."

கதை நடத்துபவர் தானே கொல்லக்கூடாது, ஆடுபவர்கள்தான் கொல்ல வேண்டும் என்பது விதி. எனக்கு அவர்மேல் பாவமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் முணுமுணுக்காமல் வடை சுட்டேன்.

ஆட வந்தவர்கள் இருவர். சேகரன் இன்சூரன்ஸ் ஏஜெண்ட், புவனேந்திரன் லோரி ஓட்டுபவர். இருவரும் அதே தோட்டத்துப் பிள்ளைகள். காட்டில் பூதத்தை வெட்டினார்கள், ஆற்றில் பாம்பை வெட்டினார்கள், என் வடையையும் ஒரு கை பார்த்தார்கள். கடைசியில் மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

"மாளிகை வாசல்ல நிக்கிறீங்க. கையில கத்தி. என்ன செய்றீங்க?" என்றார் இவர்.

"செருப்பைக் கழட்டிட்டுப் பின்பக்கம் போறோம்," என்றார் சேகரன்.

"ஏன்டா பின்பக்கம்?"

"முன்பக்கம் தொரை வர்ற வழியாச்சே."

"தொரை இல்லடா, டிராகன்."

"சரி, டிராகன். சாப்பிடுற நேரமா இருந்தா அப்புறமா வர்றோம்."

புவனேந்திரன் தலையைச் சொறிந்தார். "மொதல்ல கணக்கு எழுதுற கிராணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லது லா."

"இந்த ஊர்ல கிராணியே கிடையாது."

"இந்தா, ஆபீஸ் போட்டு வெச்சிருக்கியே." வரைபடத்தில் அவர் விரல் வைத்த இடத்தில், படிகளுக்குக் கீழே, ஒரு சின்னக் கட்டடம் இருந்தது. அதை வரைந்ததே இவருக்கு நினைவில்லை.

வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழியை உடைத்தார்கள் படுபாவிகள். எனக்கே ஆத்திரம் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியோடு கூடத்துக்கு வந்து நின்றேன்.

"விதி கிடக்குது. நானே போறேன்," என்று இவர் எழுந்தார். "கத்தியை உருவிட்டேன். மொதப் படி ஏறிட்டேன். ரெண்டாவது படி. வாசலுக்கே வந்துட்டேன். கதவைத் தட்டுறேன்."

வெட்டுங்க என்று என் மனம் அடித்துக்கொண்டது. ஆனால் கதை நடத்துபவர் அவர்தானே, டிராகனுக்கும் அவர்தான் பேசியாக வேண்டும். தொண்டையைச் செருமி, நெஞ்சை நிமிர்த்திக் கர்ஜித்தார்: "யாரு அங்க?"

பிறகு பதில் சொல்ல வேண்டிய முறையும் அவருடையதே. நிமிர்ந்த நெஞ்சு தானாகவே ஒடுங்கியது. கை சட்டையின் மேல் பொத்தானைத் தேடிப் போட்டது.

"நான்தாங்க, தொரை."

"என்னா வேணும்?" மறுபடியும் டிராகன் குரல்.

எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தார்.

"ஒண்ணும் இல்லீங்க," என்றார்.