போக முடியாதவர்களுக்கு ஒரு பயிற்சி

எங்கள் தேயிலை பேக்டரியில் பாய்லர் எரியும்போது நான் அங்கே இருந்தாக வேண்டும். இது என் ஆசை இல்லை, சட்டம். அரசாங்கச் சான்றிதழ் வாங்கிய ஆள் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் பாய்லரை மூட்டக் கூடாது. இந்தத் தோட்டத்தில் அந்தச் சான்றிதழ் என் ஒருத்தியிடம்தான் இருந்தது. அதனால் காய்ச்சல் வந்தாலும் நான் வர வேண்டும், தீபாவளிக்கு முதல் நாளும் வர வேண்டும், ஜொகூரில் என் மகள் பள்ளி மேடையில் ஆடுகிற அன்றைக்கும் இங்கே தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கேமரன் மலைக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பேக்டரி கண்ணாடி வழியாக எங்களைப் படம் எடுப்பார்கள். கொடுத்து வைத்தவர்கள், எவ்வளவு குளிர்ச்சியான இடத்தில் வேலை என்று ஒரு அம்மாள் என்னிடமே சொன்னார். அடுப்புப் பக்கம் வந்து நின்று பாருங்கள் தாயே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

என் கணவருக்கு மலேசியாவின் தென்கோடியில், ஜொகூரில் வேலை. மகள் இடைநிலைப் பள்ளிக்குப் போகும் வயது வந்ததும் அவளும் அப்பாவோடு போய்விட்டாள். நான் மட்டும் இங்கே, அம்மாவோடு. காரணம் வீடு. தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீட்டில் குடியிருக்க வேண்டுமென்றால் வீட்டில் ஒருவராவது தோட்ட வேலையில் இருக்க வேண்டும். அப்பா காலமாகி, அம்மாவும் முட்டி வலியால் கொழுந்து எடுப்பதை நிறுத்திய பிறகு, அந்த ஒருவர் நான்தான். நான் வேலையை விட்டால் அம்மா வீட்டைவிட்டு இறங்க வேண்டும். இந்த வயதில் அம்மா எங்கேயும் வரமாட்டாள் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யாரும் அவளைக் கேட்டது மட்டும் இல்லை.

பாய்லருக்கு முன்பெல்லாம் வெளியாட்கள்தான் வருவார்கள். கீழே ஈப்போவிலிருந்து ஒருவர் வருவார், குளிர் தாங்கவில்லை என்று கொஞ்ச நாளில் போய்விடுவார். அடுத்த ஆள் கிடைக்கும்வரை, கொழுந்தைக் காய வைக்கச் சூடு இல்லாமல் பேக்டரி அடைத்துக் கிடக்கும். பறித்த கொழுந்து தொட்டியிலேயே புளித்து நாறும். காலையிலிருந்து மழையில் நனைந்து பறித்ததை அள்ளிக் குழியில் கொட்டும்போது கொழுந்து எடுக்கிற பெண்களின் முகத்தைப் பார்க்க முடியாது. அப்படி இரண்டு மூன்று தடவை கொட்டிய பிறகுதான் துரைக்குப் புத்தி வந்தது. துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, கோலாலம்பூரில் படித்த தமிழ்ப் பிள்ளை. ஆனாலும் எங்களுக்கு மேனேஜர் யாராக இருந்தாலும் துரைதான். தோட்டத்து ஆளையே ஈப்போவுக்கு அனுப்பிப் படிக்க வைக்கலாம் என்று அவர் முடிவு பண்ணி, பேக்கிங்கில் இருந்த என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளியில் நான் நன்றாகப் படித்தவள், அது எப்படியோ இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியிடம், ஏன் என்னைப் போட்டார்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"நீதாம்மா எங்கயும் போக மாட்ட. புருஷன்காரன் கூப்பிட்டே போகாதவ, படிச்சிட்டா ஓடிறப் போற?"

படித்து முடித்தால் சில வருடம் இங்கேயே இருப்பேன் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். இருந்த பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டு. எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் போனேன்.

போனதற்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். கம்போங் ராஜா வழியாக மலை இறங்கி ஈப்போவில் போய் உட்கார்ந்த அந்த வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். முதல் நாள் எல்லோரும் நான் சாயா கலக்க வந்தவள் என்று நினைத்தார்கள். பாடமெல்லாம் மலாயில். கால் வீங்கும் அளவுக்கு நின்றுவிட்டு ராத்திரி தூங்குகிற உடம்பு இது. அங்கே மூளை களைத்துத் தூங்கினேன். அந்தக் களைப்பு எவ்வளவு சுகம் தெரியுமா! நெருப்பு ஏன் புகைகிறது, ஆவி எங்கே வீணாகிறது, தண்ணீர் குறைந்தால் இரும்பு என்ன ஆகும் என்றெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்தபோது, இத்தனை வருடம் பக்கத்துச் சுவருக்கு அப்பால் இதெல்லாம் நடந்துகொண்டிருந்ததா என்று இருந்தது.

திரும்பி வந்ததும் விறகுக்கு மேல் கூரை போடச் சொன்னேன். ஈர விறகைத் தள்ளிக்கொண்டே சூடு வரவில்லை என்று பாய்லரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கூரை போட்ட பிறகு தேயிலைத் தூள் ஒரே பதமாகக் காய்ந்தது. அதற்குப் பிறகு ஒரு கூடை கொழுந்துகூடக் குழிக்குப் போகவில்லை. வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் துரை என்னைக் காட்டி, நாங்களே பயிற்சி கொடுத்தோம் என்று சொல்வார். பயிற்சிக்குச் செலவு பண்ணினால் தோட்டத்துக்கு எவ்வளவு லாபம் பாருங்கள் என்று அவர் பேசும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருக்கும். அவர்கள் போனதும் லீவு கேட்பேன். பெருமையெல்லாம் அத்தோடு சரி. நீங்க இல்லேன்னா பேக்டரியே நின்னுடும் அக்கா என்பார். என்னை ஆள் ஆக்கிய படிப்பே என்னைப் பாய்லரோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிட்டது.

கையெழுத்துப் போட்ட வருடங்கள் முடிந்ததும் நேராகப் போய் நின்றேன். என் சான்றிதழுக்கு ஜொகூரில் எந்த பேக்டரியிலும் வேலை கிடைக்கும், பிள்ளையோடு இருக்க வேண்டும், போகிறேன் என்றேன். துரை கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு ஒரு வார்த்தை கொடுத்தார்.

"உங்க எடத்துக்கு ஒரு ஆள ரெடி பண்ணிக் குடுங்கக்கா. அந்த ஆளு பாஸ் பண்ணட்டும். நீங்க போங்க. அம்மா வீட்டுலயே இருக்கட்டும், நான் பாத்துக்கிறேன்."

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரவில்லை, பறந்து வந்தேன். கணவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். மகள் போனைப் பிடுங்கி, எந்த அறையை எனக்குக் கொடுப்பது என்று அப்போதே தொடங்கிவிட்டாள். அம்மா மட்டும் அடுப்பை விட்டுத் திரும்பாமல் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள்.

யாரைப் போடுவது? நானும் அப்போது துரையின் அளவுகோலைத்தான் எடுத்தேன். போகவே முடியாத ஆளாகத் தேடினேன். எதிர் லயத்தில் ஒருத்தி இருந்தாள். என்னைவிடக் கொஞ்சம்தான் இளையவள், பேக்கிங்கில் என்னோடு வேலை செய்தவள். கணவன் கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டத்தில் கூலி. மாமனார் படுத்த படுக்கை. மூன்று பிள்ளைகள். இவள் எங்கே போவாள்? சொன்னதும் துரைக்கும் அதே நினைப்பு. கையெழுத்துகூட வாங்கவில்லை. அவ எங்கக்கா போகப் போறா என்று சிரித்தார்.

அவளுக்கு மலாய் சுமார்தான். மாலையில் என் வீட்டு அடுப்படியில் உட்கார வைத்துத் தமிழில் சொல்லிக் கொடுத்தேன். குழம்பு கொதிக்கும்போது மூடியைத் தட்டுகிறதே, அதுதான் அழுத்தம் என்றேன். அப்போ மூடிய எடுத்துட்டா முடிஞ்சிதுலா என்றாள். பாய்லர் மூடியை நீ எடுத்தால் பிரிஞ்சாங் டவுன்வரைக்கும் சத்தம் கேட்கும் என்று திட்டினேன். இரண்டு பேரும் சிரித்து முடிக்க நேரமாயிற்று. அவள் சோர்ந்து போகும்போதெல்லாம் ஒன்று சொல்வேன். இந்த சர்டிபிகேட் மலேசியாவில் எங்கே போனாலும் செல்லும்டி, இது உன் சொத்து, யாரும் பிடுங்க முடியாது. அம்மா ஒரு மூலையில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவள் முதல் தடவையிலேயே பாஸானாள். நான் கேக் வாங்கினேன். ஜொகூருக்கு பஸ் எப்போது என்றுகூட விசாரித்துவிட்டேன்.

அந்த மாதக் கடைசியில் எதிர் லயத்துக்கு முன்னால் ஒரு காய்கறி லோரி வந்து நின்றது. கட்டில், கேஸ் அடுப்பு, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் ஏறிக்கொண்டிருந்தது. மாமனாரைக் கம்பளியில் சுற்றி டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். கிழவர் புதுத்தொப்பி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

அவள் என்னிடம் வந்தாள். ஈப்போவில் கையுறை பேக்டரியில் வேலையாம். முகத்தைப் பார்க்க முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டை என்னடி பண்ணுன?" என்று கேட்டேன். வேறு எதுவும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"திருப்பிக் குடுத்துட்டேன்க்கா. தோட்டத்து வீடுதானே, நம்ம வீடா? எங்க போனாலும் செல்லும்னு நீங்கதானே சொன்னீங்க."

பாவி, துரோகி, நன்றி கெட்டவள் என்று அத்தனையும் எனக்குள் ஓடியது. அவள் மேல் பொறாமை, கண் எரிகிற அளவுக்குப் பொறாமை. அதோடு, கத்துக் கொடுத்தவள் நான் என்று ஒரு சந்தோஷமும் வெட்கமில்லாமல் எட்டிப் பார்த்தது. லோரி கிளம்பிற்று. நான் அழுததை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருப்பாள்.

துரையின் வார்த்தை அவளோடு லோரியில் ஏறிப் போய்விட்டது. ஆள் பாஸ் பண்ணினால் அம்மாவுக்கு வீடு. ஆள் இல்லை, வீடும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தேன். விளக்குப் போடவும் மனமில்லை. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவ சாவிய யாருகிட்ட குடுத்தா?"

"கிராணிகிட்ட."

"ஆபீஸ்லயா? காலையில போனாத்தான் இருப்பானா அவன்?"

"இதெல்லாம் எதுக்கும்மா கேக்குற?"

"கேட்டா என்ன? நீ எனக்காகத்தான் இங்க கெடக்குறேனு தோட்டமே சொல்லுது. நான் கெடக்கச் சொன்னேனா? படுத்துக் கெடந்த கெழவனே தொப்பி போட்டுக்கிட்டுப் போறான். எனக்கு முட்டிதானே வலிக்குது?"

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. இத்தனை வருடமாக இதை ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். நீ கேக்கலியே என்றாள் அம்மா. பிறகு எழுந்து போய் விளக்கைப் போட்டாள். நான் உட்கார்ந்த இடத்திலேயே அழுது தீர்த்தேன்.

மறுநாளே நான் கிளம்பியிருக்கலாம். விடிந்தபோது மலை முழுக்கக் கொழுந்துப் பருவம், தொட்டியெல்லாம் நிறைந்து கிடந்தது. நான் போனால் அத்தனையும் குழிக்குத்தான். அந்தப் பெண்களின் முகம் எனக்குத் தெரியும். போய்ப் பாய்லரை மூட்டிவிட்டு, துரையிடம் சொன்னேன். அம்மாவும் என்னோடு வருகிறாள், இனி வீட்டுக்காக எனக்கு எந்த வார்த்தையும் வேண்டாம், ஆனால் இந்தத் தடவை ஒருவரை அனுப்பாதீர்கள், நான்கு பேரை அனுப்புங்கள். யார் போக மாட்டார்கள் என்று பார்க்காதீர்கள், யாருக்குப் படிப்பு வரும் என்று பாருங்கள்.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இவங்களும் போயிட்டாங்கன்னா?"

"போவாங்க துரை. இருக்கிற வரைக்கும் நல்லா எரியும்."

நான்கு பேரும் இப்போது ஈப்போவில் படிக்கிறார்கள். நான் இன்னும் இங்கேதான், அதே கண்ணாடிக்குப் பின்னால், தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வீட்டில் சாமி படங்களையும் ஒரு சட்டியையும் தவிர மற்றதையெல்லாம் அம்மா மூட்டை கட்டிவிட்டாள். நான் வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து கேட்கிறாள், அதுங்க பாஸ் ஆயிடுச்சா என்று.