கட்டைவிரலைத் தூக்கினால் மேலே

தண்ணீருக்கு அடியில் வாயில் காற்றுக் குழாய் இருக்கும், பேச முடியாது. அதனால் ஸ்கூபா சொல்லித்தருகிறவர்களுக்குப் பிழைப்பே கைஜாடையில்தான்.

வெளிநாட்டு வேலைக்கு அலைந்து ஏஜென்ட் ஆபீஸ் பெஞ்சைத் தேய்த்த சக பாவிகளே, முதலில் என் கதைச் சுருக்கம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியின் அசெம்பிளி லைனில் ஆறு வருஷம் நின்றவள் நான். லீவு நாளெல்லாம் பாண்டிச்சேரிக்கு ஓடி, கடலில் முங்கி முங்கி, ஒருவழியாக இன்ஸ்ட்ரக்டர் அட்டை வாங்கினேன். வாங்கிய வேகத்தில் கம்பெனியை விட்டுவிட்டேன். பொங்கலுக்குள் வேலை கிடைக்காவிட்டால் மறுபடி லைனுக்கே போய்விடுகிறேன் என்று நைனாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். மறுபடி அந்த லைனில் நிற்க எனக்குத் துளியும் இஷ்டமில்லை.

டேங்க் அனுபவம்

மணவாள நகர் ஏஜென்டின் ஃபாரத்தில் வெல்டர், ஃபிட்டர், டிரைவர், வீட்டுவேலை என்று நாலே கட்டம். என் வேலைக்குக் கட்டமே இல்லை. முதுகில் டேங்க் மாட்டிக்கொண்டு உள்ளே இறங்குவேன், கூட வருகிறவர்களைப் பத்திரமாக வெளியே கொண்டுவருவேன் என்று விளக்கினேன். எல்லாம் புரிந்தவர் மாதிரி ஏதோ எழுதிக்கொண்டார்.

பத்து நாளில் நேர்காணல். எதிரே இருந்தவர் விஷவாயு, மூடி, கயிறு என்று கேட்டுக்கொண்டே போனார். நானும் மூச்சு, காற்று, பாதுகாப்பு என்று அரை மணி நேரம் விளாசினேன். கடைசியில்தான் தெரிந்தது, அது எண்ணெய் டேங்க் கழுவுகிற வேலை. கொடுமை என்னவென்றால் நான் தேறிவிட்டேன். ஏஜென்டிடம் சண்டைக்குப் போனால் மனிதர் அசரவில்லை.

"டேங்க் உன் முதுகுல இருந்தா இன்னா, நீ டேங்க்குள்ள இருந்தா இன்னா, ஃபிளைட்டு ஒண்ணுதானம்மா."

உள்ளூர் வாய்ப்பு

எங்கள் தாத்தா காலத்தில் நாங்கள் கூலிக்குப் போன நிலத்துக்காரர் வீட்டிலிருந்து எங்கள் தெருவுக்குள் யாரும் வந்ததில்லை. ஒரு நாள் அந்த வீட்டுப் பெரியவர் பைக்கில் வந்து எங்கள் வாசலில் நின்றார். கிணற்றில் மோட்டார் கழன்று விழுந்துவிட்டதாம், நாற்று காய்கிறதாம். "நீ தண்ணிக்குள்ள இறங்குற பொண்ணாமே?" என்று கேட்டார். அம்மா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். நான் போனேன். நல்ல மனசெல்லாம் இல்லை, ஜம்பம்தான்.

மூச்சைப் பிடித்து மூன்று முங்கு முங்கி மோட்டாரில் கயிறு கட்டிவிட்டு ஏறினேன். சேர் போட்டு உட்காரச் சொன்னார், டீ வந்தது. அந்த வீட்டில் எங்களுக்குச் சேர் போட்டது அதுதான் முதல் தடவை. பெருமைப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் டீயைக் குடித்தேன். அவர் எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்:

"வெளிநாடு இன்னாத்துக்கு? இங்கியே சுத்துப்பட்டுல அம்பது கெணறு கீதே."

தலையால் கெட்டது

மாலத்தீவில் ஒரு தீவு விடுதி. டைவிங் பொறுப்பு ஒரு வெள்ளைக்காரம்மாவிடம். வீடியோவில் நேர்காணல். எங்கள் வீடு எளாவூர் செக்போஸ்ட் பக்கம்; லாரிகள் ஹாரன் அடிப்பதில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பயந்தவர்களுக்குச் சொல்லித்தர முடியுமா, ரெண்டு வருஷம் இருப்பாயா என்று அந்தம்மா கேட்கக் கேட்க, நான் பலமாகத் தலையை ஆட்டினேன். நம் எல்லோரையும் போலப் பக்கவாட்டில்தான்.

மறுநாள் மெயில் வந்தது: முடியாது என்பதை நேர்மையாக ஒப்புக்கொண்டதற்கு நன்றி. அழுதுவிட்டேன். கையால் பிழைக்கிற தொழிலில் தலையால் கெட்டேன். பிறகு, எங்கள் ஊரில் அதற்குச் 'சரி' என்று அர்த்தம் என்று ஒரு பக்கத்துக்கு விளக்கி எழுதினேன். ஒரு மாதம் வந்து வேலை செய்து காட்டு என்று பதில் வந்தது. கிளம்பும்போது நைனா சொன்ன ஒரே புத்திமதி:

"கழுத்துல கட்ட போட்டுக்கினாவது உக்காரு, தல மட்டும் ஆடக்கூடாது."

மேலே

அந்த மாதத்தின் கடைசி நாள். பொங்கலுக்கு இன்னும் நாலே நாள். வந்தது கோயம்புத்தூர்ப் புதுமணத் தம்பதி, கூடவே மாப்பிள்ளையின் அம்மா. நல்லாயிருந்தால் விரலை வட்டமாக்கிக் காட்டுங்கள், கட்டைவிரலைத் தூக்கினால் மேலே போறோம் என்று அர்த்தம் என்று பாடத்தை ஆரம்பித்தேன். கல்யாணமான புதுசில் மேலே போறோம் என்கிறாளே என்று அந்த அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "படகுக்கு வந்துடுவோம்" என்று மாற்றிச் சொன்ன பிறகுதான் பிள்ளையை இறங்கவிட்டார்.

இறங்கி எட்டு நிமிஷம் இருக்கும். பெரிய ஆமை ஒன்று பக்கத்தில் வந்தது. மாப்பிள்ளை ரெண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினார். அது சூப்பர் என்று எனக்குத் தெரியாதா? நானும் அதே நாட்டில்தானே பிறந்தேன். ஆனால் அந்த ஜாடை வந்தால் கேள்வி கேட்காமல் கூட்டிவர வேண்டும் என்பது எங்கள் தொழிலின் சட்டம். ரெண்டு பேரையும் நிதானமாகக் கூட்டி வந்துவிட்டேன். மாப்பிள்ளை கத்தினார். ஆமை போய்விட்டது. என் வேலையும் போய்விட்டது என்றே நினைத்தேன்.

படகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரம்மா என்னைத் தனியாக அழைத்து, மாப்பிள்ளை நிஜமாகவே மேலே வர விரும்பினாரா என்று கேட்டார். இல்லை, ஆமையைப் பார்த்த சந்தோஷம் என்றேன். தெரிந்துமா கூட்டி வந்தாய் என்றார். நான் ஊகித்தது ஒரு நாள் தப்பானால் படகில் காத்திருக்கிற பெற்றவளுக்கு யார் பதில் சொல்வது என்றேன். வெள்ளைக்காரம்மா அடுத்து கேட்டது இதுதான்:

"ரெண்டு வருஷம் இருப்பாயா? இந்தத் தடவை வாயால் சொல்."

இருப்பேன் என்று வாயால்தான் சொன்னேன், ஆனாலும் தலை தன் பாட்டுக்குப் பக்கவாட்டில் ஆடிவிட்டது. அதைத் திருத்த எந்தக் கடலிலும் இன்ஸ்ட்ரக்டர் கிடையாது.