புரெக் பலகையில் இல்லாத பெயர்

பூண்டு நேராகப் பெரிய பானைக்குள் போகாது. முதலில் அய்வார் என்கிற குடைமிளகாய்த் தொக்கில் ஒரு கரண்டியைச் சின்ன வாணலியில் தனியாக எடுத்து, அதில் பூண்டைத் தட்டிப் போட்டுக் கிளறி, கணவர் மிலெங்கோவின் வாய்க்கு நேராக நீட்டுவார் தெசாங்கா. செப்டம்பர் மாதம். நோவி சாத் நகரத்தில் சுட்ட குடைமிளகாய் வாசம் வராத மாடியே கிடையாது.

"நல்லா இருக்கு" என்றார் மிலெங்கோ.

"நல்லா இருக்குன்னா என்ன அர்த்தம்? பூண்டு தூக்கலா, உப்பு கம்மியா? தெளிவா சொல்லு."

தபால் ஆபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்தியவருக்கு இதெல்லாம் பழக்கம்தான். இரண்டாவது கரண்டியையும் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, "உப்பு சரி. பூண்டு இன்னும் ஒரு பல் போடலாம்" என்றார். அதற்கப்புறம்தான் பெரிய பானையின் மூடி திறந்தது.

தெசாங்காவின் ஆபீசிலும் இதே சமையல்தான். பேருந்து டிக்கெட் விற்கும் மென்பொருள் செய்கிற கம்பெனி. நிலையங்களில் இன்று ஓடுகிற நிரலுக்கு 'மெயின்' என்று பெயர். அடுத்த பதிப்புக்காகத் தயாராவது 'டெவலப்'. இருபத்திரண்டு பேரும் தங்கள் வேலையைக் கிளை என்கிற தனித்தனி நகலில் செய்து, இன்னொருவர் படித்துச் சரி என்று சொன்ன பிறகே டெவலப்பில் சேர்க்கலாம். மெயினின் சாவி தெசாங்காவிடம். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் முதலாளியே கெஞ்சினாலும் அந்தக் கதவு திறக்காது.

'சின்னத் திருத்தம்' என்று மட்டும் எழுதி யாராவது அனுப்பினால் தொலைந்தார்கள். "தெளிவா எழுது, மகனே! ஆறு மாசம் கழிச்சு இதைப் படிக்கிறவன் உன் பக்கத்து வீட்டுக்காரன் இல்ல" என்று திருப்பி விடுவார்.

விதியை மீறினால் பெயர் புரெக் பலகையில் ஏறும். மறுநாள் காலை அத்தனை பேருக்கும் மெல்லிய மாவு அடுக்குகளில் பொதிந்து சுட்ட புரெக்கும் தயிரும் சுடச்சுட வாங்கி வர வேண்டும். காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் அந்தப் பலகையில் இளம் நிரலாளன் வுகாஷின் நான்கு முறை ஏறியிருக்கிறான். தெசாங்கா பதினோரு வருஷத்தில் ஒரு முறைகூட இல்லை. அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

ஜூலையில் ஒரு நாள், ஸ்ரெஞ்யானின் என்ற ஊருக்குப் போகும் பேருந்தில் ஓட்டுநரின் இருக்கையையே டிக்கெட் இயந்திரம் விற்றுவிட்டது. வாங்கிய அம்மாள் மடியில் தர்ப்பூசணியோடு அங்கே உட்கார்ந்துகொண்டு, "டிக்கெட் இருக்கு, எழுந்திரிக்க மாட்டேன்" என்றார். தெசாங்காதான் இருபது நிமிஷத்தில் மெயினைச் சரிசெய்தார். ஆபீஸே எழுந்து கைதட்டியது.

இந்தத் திங்கட்கிழமை டெவலப்பில் இருந்த புதுப் பதிப்பு மெயினாக வெளியானது. காலை ஏழு மணிக்கே ஓட்டுநரின் இருக்கை மறுபடி விற்றுப்போனது. இந்த முறை வாங்கியவர் ஒரு பல் டாக்டர்.

பழுது அடைபட்ட கையோடு மேலாளர் நெபோய்ஷா கூடத்துக்கு வந்தார். "ஜூலைல செத்த பேய் எப்படி எழுந்து வந்துச்சு? யாரு வேலை?"

எல்லாக் கண்களும் வுகாஷின் மேல் விழுந்தன. ஆகஸ்டில் டெவலப்பில் இருக்கைப் பகுதியை முழுதாக மாற்றி எழுதியவன் அவன். "நானாத்தான் இருக்கும்" என்று புரெக் கடைக்குப் பேசப் போனையே எடுத்துவிட்டான், பாவம்.

தெசாங்கா பதிவேட்டைத் திறந்தார். ஜூலை பதினான்கு: மெயினில் திருத்தம், தெசாங்கா. டெவலப்பில் அன்று ஒரு வரிகூட இல்லை. அவசரத்துக்கு மெயினில் கை வைத்தால் அதை டெவலப்பிலும் போட்டுவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழ வேண்டும் என்பது அவரே போட்ட விதி. அன்று மாலை அவரைக் கூட்டிக்கொண்டு மொன்டெனெக்ரோ கடற்கரைக்கு விடுமுறைக்குக் கிளம்ப வந்த மிலெங்கோ, கீழே காரில் இருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். பூண்டு ஒரு பானையில் விழுந்தது, மறுபானை மறந்துபோனது.

தெசாங்காவின் காது மடல் சிவந்துவிட்டது. பழைய பதிவைத் திருத்தி எழுதும் உரிமை அந்த ஆபீசில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு: தெசாங்காவுக்கு. பத்து நிமிஷ வேலை, யாருக்கும் தெரியப்போவதில்லை. விரலை விசைப்பலகை மேல் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். எதிரே வுகாஷின், "இருபத்திரண்டு புரெக், பாதி பாலாடைக்கட்டி, பாதி இறைச்சி" என்று சொல்லத் தொடங்கியிருந்தான்.

"போனை வை" என்றார் தெசாங்கா.

எழுந்து பலகைக்குப் போய்ப் பேனாவைத் திறந்தார். 'தெசாங்கா. கவனக்குறைவு.' தன் வேலைக்குத் தானே சரி சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதும் அவர் விதிதான். திரும்பி, பேனாவை வுகாஷினிடம் நீட்டினார். "படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடு."

வுகாஷின் பேனாவை வாங்கவில்லை. பலகையை இரண்டு முறை படித்தான்.

"கவனக்குறைவுன்னா என்ன அர்த்தம், தெசா அக்கா? தெளிவா எழுதுங்க. ஆறு மாசம் கழிச்சுப் படிக்கிறவன்..."

அவன் முடிக்கும் முன்பே தெசாங்கா சட்டைக் கையை இழுத்துவிட்டு அதனாலேயே அந்த வார்த்தையைத் துடைத்தார். முதலிலிருந்து எழுதினார்: தேதி, எந்தத் திருத்தம், டெவலப்பில் சேர்க்காமல் எழுந்து போனது, கீழே அடித்த ஹாரன் உட்பட. எழுதி முடித்துப் பேனாவை மறுபடி அவனிடம் நீட்டிவிட்டு, மிலெங்கோவின் வாயைப் பார்ப்பதுபோல அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.