எடை அதிகம், ஒருவர் இறங்கவும்

என் கலைவாழ்வின் மீது ஆணையாகச் சொல்கிறேன். இனி நீங்கள் படிக்கப்போவதில் ஓர் எழுத்துகூடக் கற்பனை இல்லை. உலகமே திரண்டு வந்து மறுத்தாலும் நான் பின்வாங்கப் போவதில்லை.

கலைவாழ்வு என்றால்... இரண்டு வருடம். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றிய ஒரு டி.வி. தொடர். மொத்தம் நூற்று நான்கு எபிசோட். அதில் எனக்கு வசனம் இருந்தது நாற்பத்தொன்றில். மற்றதில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

அது ஓடிய காலத்தில் நாங்கள் ஐந்து பேரும் தெருவில் நடக்க முடியாது. இப்போது தாராளமாக நடக்கலாம். ஹீரோவாக நடித்தவன் பல் மருத்துவமனைகளுக்கு ரிப்பன் வெட்டுகிறான். வெட்டிவிட்டு நாலு பக்கமும் சிரித்துக் காட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். ஹீரோயின் தன் நாயை வைத்து வீடியோ போடுகிறாள். நாய்க்கு அவளைவிட ரசிகர்கள் அதிகம். வகுப்பு ரவுடியாக வந்தவன் தியான வகுப்பு நடத்துகிறான். யாராவது பாதியில் கண்ணைத் திறந்துவிட்டால் மட்டும் பழைய ரவுடி எட்டிப் பார்ப்பானாம். வகுப்புத் தலைவனாக நடித்த என்னை இன்றும் 'மானிட்டர்' என்றுதான் அவர்கள் கூப்பிடுவார்கள். நான் ஒரு சோபாக் கடையில் இருக்கிறேன். சாய்வு நாற்காலிப் பிரிவு. வாடிக்கையாளர் வந்தால் படுத்துக் காட்டுவது என் வேலை.

சில அம்மாக்கள் உற்றுப் பார்ப்பார்கள்.

"தம்பி, நீங்க டி.வி.ல..."

"ஆமாம்மா!" என்று எழுந்து உட்காருவேன்.

"...நியூஸ் வாசிப்பீங்கல்ல?"

மறுபடியும் படுத்துக்கொள்வேன்.

ஐந்தாவது ஆள், கைதூக்கி. எபிசோடுக்கு ஒரு முறை கையைத் தூக்கி, "சார், ஒரு சந்தேகம்" என்பாள். அவள் பாத்திரமே அவ்வளவுதான். பெயர் ஒட்டிக்கொண்டது. தொடர் முடிந்த பிறகு அவள் குரல் கொடுக்கப் போனாள், ஒரு லிஃப்ட் கம்பெனிக்கு. 'கதவு மூடுகிறது', 'மூன்றாவது மாடி' என்று லிஃப்டுக்குள் ஒரு பெண் பேசுவாளே, அது.

"சிரிச்சுக்கிட்டே பேசணும்டா" என்று ஒருமுறை சொன்னாள். "முகம் யாருக்கும் தெரியாதுதான். ஆனா சிரிக்கலைன்னா குரல்ல தெரிஞ்சுடும். நாள் பூரா ஒரு சின்ன ரூம்ல தனியா நின்னு, மாடி நம்பரைப் பார்த்துச் சிரிக்கறேன்."

பேட்டிகளில் என்னிடம் கைதூக்கியைப் பற்றிக் கேட்டால், "அவள் எனக்குக் கூடப்பிறக்காத தங்கை" என்பேன். ஒரு பேட்டியில் கண்கூடக் கலங்கியது. நேரில் பார்த்து அப்போதே ஏழு வருடம் ஆகியிருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு புதன்கிழமை. மதியம் 2:15. தொடரின் இயக்குநர் போன் செய்தார். இருபது வருடம் கழித்து நாங்கள் ஐவரும் அதே வகுப்பறையில் மறுபடி உட்காரப்போகிறோம். ஒரு மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சி. சேனலுக்கு ஐந்து ஒப்புதல் கையெழுத்தும் மாலை ஆறு மணிக்குள் போக வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒரு மணி நேரத்தைச் சமையல் போட்டிக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

"உன்னோடதையும் சேர்த்து நாலு வந்தாச்சு. கைதூக்கிக்குப் போனே போக மாட்டேங்குது. படிவத்தை அனுப்பறேன், நீ போய்க் கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து அனுப்பு."

"நானா சார்?"

"பேட்டில அழுதது நீதானே?"

மறுக்க வழியில்லை. மறுக்கவும் எண்ணமில்லை. எனக்கு அந்த ஒரு மணி நேரம் வேண்டும். வயது நாற்பதை நெருங்குகிறது. இதை விட்டால் இன்னொரு தடவை யாரும் என்னைக் கூப்பிடப் போவதில்லை. மிச்ச ஆயுளைப் படுத்தே கழிக்க வேண்டியதுதான்.

அவள் வீடு எங்கள் கடையிலிருந்து பஸ்ஸில் நாலே நிறுத்தம். ஒன்பது மாடிக் கட்டடம். ஏழாவது மாடி, பி. கடையில் அனுமதி வாங்கிக் கிளம்பி நான் உள்ளே நுழையும்போது மணி 4:37. நல்ல வெயில். வாசல் மேசையில் வாட்ச்மேன் செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு பி. அவங்க இருக்காங்களா?"

"இருக்காங்க சார். படியில போயிடுங்களேன். லிஃப்ட் அப்பப்ப மக்கர் பண்ணும்."

"ஏழு மாடி படியில ஏறுற உடம்பாங்க இது?"

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பார்வை நடுவில் கொஞ்சம் தங்கியது.

"லிஃப்ட்லயே போங்க" என்றார்.

லிஃப்ட் காலியாக நின்றது. உள்ளே ஒரு கண்ணாடி. 'எட்டு பேர்' என்று ஒரு தகடு. ஏழை அழுத்தினேன்.

"கதவு மூடுகிறது."

அவள் குரல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் வீட்டு லிஃப்டில் தன் குரலையே கேட்டுக்கொண்டு போய் வருகிறாள்! கொஞ்சம் பொறாமையும் வந்தது. எங்கள் ஐந்து பேரில் இன்னும் வசனம் இருப்பது இவள் ஒருத்திக்குத்தான்.

"இரண்டாவது மாடி."

நின்றது. நான் இரண்டை அழுத்தவில்லை. கதவு திறந்தது. வெளியே நீளமான நடை. சாத்தியிருந்த நாலு கதவுகள். யாரும் இல்லை. எங்கோ குழாய் சொட்டும் சத்தம் மட்டும்.

யாரோ அழுத்திவிட்டுப் படியில் இறங்கிப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். கதவு மூடப் போனது. பாதியில் நின்றது. ப்பீ... என்று அலாரம்.

"எடை அதிகம். ஒருவர் இறங்கவும்."

எட்டு பேர் ஏறும் லிஃப்ட். நான் ஒருவன். முதலில் எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. எண்பத்தெட்டு கிலோ ஓர் எடையா? கண்ணாடியைப் பார்த்தேன். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"எடை அதிகம். ஒருவர் இறங்கவும்."

வயிற்றை இழுத்தால் எடை குறையாது என்பது அப்போதுதான் உறைத்தது. வெளியே வந்து நின்றேன்.

இப்போது உள்ளே யாரும் இல்லை.

ப்பீ...

"எடை அதிகம். ஒருவர் இறங்கவும்."

காலி லிஃப்ட். கண்ணாடியில் எதிர்ச்சுவர் மட்டும் தெரிந்தது. பிறகு அலாரம் தானாக நின்றது. யாரோ இறங்கிவிட்டதைப் போல. கதவு மட்டும் மூடவில்லை. எனக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

மணி 4:44.

படியில் போயிருக்கலாம். போயிருக்க வேண்டும். ஆனால் இன்னும் ஐந்து மாடி. முழங்கால் ஒத்துழைக்காது. ஆறு மணி நெருங்குகிறது. ஒரு மெஷினுக்குப் பயந்து ஓடினேன் என்று நாளை நாலு பேருக்குத் தெரிந்தால்? மறுபடி ஏறினேன்.

"கதவு மூடுகிறது."

மூன்று. நான்கு. ஐந்து. எல்லாம் சரியாகச் சொன்னாள்.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்... டக்.

நின்றது. விளக்கு அணைந்தது. மூலையில் ஒரு சின்ன மஞ்சள் பல்பு மட்டும் எரிந்தது. காற்றாடி ஓய்ந்தது. என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது.

மணிப் பொத்தானை அழுத்தினேன். வேலை செய்யவில்லை. போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. 4:49.

கதவைத் தட்டினேன். "யாராவது இருக்கீங்களா?"

மறுபடி தட்டினேன்.

பிறகு...

"ஒன்பதாவது மாடி."

லிஃப்ட் அசையவில்லை.

"நான்காவது மாடி."

அசையவே இல்லை.

"தரைத்தளம்... எட்டாவது மாடி... எட்டாவது மாடி..."

கோளாறு. வெறும் கோளாறு. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் சொல்லிக்கொண்டே போனாள். நிறுத்தினாள். மறுபடி ஒன்பதிலிருந்து தொடங்கினாள். அதே வரிசை. இந்தத் தடவை விரல்விட்டு எண்ணினேன்.

பத்து.

ஒவ்வொரு தடவையும் சரியாகப் பத்து மாடி. நிறுத்தம். மறுபடி பத்து.

மூன்றாவது தடவை, அவளோடு சேர்ந்து என் உதடும் அசைந்தது. எனக்கு அந்த வரிசை தெரியும். தரைத்தளத்தைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டால்...

அது என் போன் நம்பர்.

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது.

குரலில் சிரிப்பு இல்லை.

நாலாவது தடவை. மெதுவாக... இழுத்து... மூச்சு வாங்கிக்கொண்டு... பத்தாவது எண்ணையும் சொல்லி முடித்தாள்.

என் கையிலிருந்த போன் அடித்தது.

4:53. சிக்னல் இல்லை. ஆனாலும் அடித்தது.

திரையைப் பார்த்தேன்.

எடுக்கவில்லை.

ஆறு தடவை அடித்தது. ஏழாவது தடவையும் அடித்தது.

நின்றது.

"தயவுசெய்து காத்திருக்கவும்" என்றாள். காதோரத்தில்.

காத்திருந்தேன்...

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. திடீரென்று விளக்கு வந்தது. காற்றாடி சுற்றியது. லிஃப்ட் விர்ரென்று இறங்கியது. கதவு திறந்தபோது வாசல் வெயிலும் வாட்ச்மேனின் மேசையும் தெரிந்தன. 5:09. வெளியே வந்து அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அதுக்குள்ள பார்த்துட்டீங்களா சார்?"

"லிஃப்ட்ல... அவங்க குரல்... நின்னுபோச்சு, ஆனா குரல் மட்டும்..."

வாட்ச்மேன் முகம் மாறியது. செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.

"எந்தக் குரல்?"

"ஏழு பி அம்மாவோட குரல்ங்க. லிஃப்ட்ல பேசுதே!"

"சார், அந்தம்மா தவறிப்போய் ஒன்பது மாசம் ஆச்சு."

"இருக்காங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அவங்க அண்ணன் குடும்பத்தைக் கேக்கறீங்கன்னு நினைச்சேன். அவங்கதான் இப்ப அங்க இருக்காங்க." குரலைத் தாழ்த்தினார். "லிஃப்ட்ல குரலே கிடையாது சார். தங்கச்சி குரலைக் கேட்டுக்கிட்டு ஏழு மாடி போக முடியலைன்னு அந்த அண்ணன் எழுதிக் குடுத்தாரு. ஆள் வந்து ஸ்பீக்கரையே கழட்டிட்டுப் போயிட்டாங்க. இப்ப மணி மட்டும்தான்."

அவர் மேலே போன் போட்டுச் சொன்னார். இரண்டு நிமிடத்தில் லிஃப்ட் இறங்கி வந்தது. டிங். அவ்வளவுதான். அண்ணன் வெளியே வந்தார். ஒல்லியான, களைத்த மனிதர்.

"நீங்க மானிட்டர்தானே? அவ உங்களைப் பத்தி நிறைய சொல்லுவா."

"என்ன சொல்லுவா?"

"கடைல எப்பவும் படுத்தே இருப்பீங்கன்னு."

கிண்டலாகச் சொல்லவில்லை. அவள் சொன்னதை அப்படியே சொன்னார். நிகழ்ச்சியைப் பற்றி விளக்கினேன். அவள் வந்த பழைய காட்சிகளைப் போட, குடும்பத்தில் ஒருவர் சம்மதித்தால் போதும் என்று இயக்குநரிடம் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அவள் இறந்த செய்தியையும் அப்போதுதான் சொன்னேன். இயக்குநர், "அப்ப நிகழ்ச்சிக்கு இன்னும் கனம் கூடும்டா" என்றார்.

அண்ணன் வாட்ச்மேன் மேசையில் படிவத்தை வைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடாமல் என்னைப் பார்த்தார்.

"காய்ச்சல். மூணு நாளா தனியா கிடந்திருக்கா. நான் வெளியூர்ல இருந்தேன். எனக்குக் கவலை வேண்டாம்னு சொல்லவே இல்ல. கடைசிநாள் சாயங்காலம் ஒரே நம்பருக்குப் பதினோரு தடவை போட்டிருக்கா. பக்கத்துல இருக்கற யாரோ போல. பேர் போட்டு வைக்கல, மனப்பாடமா தெரிஞ்ச நம்பர். நான் கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கல. தெரியாத நம்பர்னா இப்பல்லாம் யாரு எடுக்கறாங்க?"

பர்ஸிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். பத்து எண்கள்.

"உங்க கூட நடிச்சவங்க யாரோடதாவது இருக்குமா?"

மணி 5:31. படிவத்தில் கையெழுத்துக்கான கோடு காலியாக இருந்தது. பேனா அவர் கையில்.

"தெரியலையேங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். கையெழுத்துப் போட்டார். காகிதத்தை மறுபடி மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

"அவளோட பழைய நம்பர்ல இருந்து கூப்பிட்டிருந்தாலாவது எடுத்திருப்பாங்களோ என்னவோ. அதை அப்பவே ரத்து பண்ணிட்டேன்."

நிகழ்ச்சி நடந்தது. அவள் பெஞ்சில் ஒரு ரோஜாவை வைத்தார்கள். நான் எட்டு நிமிடம் பேசினேன். 'கூடப்பிறக்காத தங்கை' என்ற இடத்தில் இயக்குநர் கேமராவை என் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார். நன்றாக வந்திருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். மறுநாள் கடைக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

இன்றுவரை எனக்கு விளக்கம் தெரியாது. ஸ்பீக்கர் இல்லாத லிஃப்ட் எப்படிப் பேசியது, ரத்தான நம்பரிலிருந்து எப்படி அழைப்பு வந்தது... எதுவும் தெரியாது. 4:53 மணிக்குத் தவறிய அழைப்பு ஒன்று என் போனில் இன்னும் இருக்கிறது. யாரிடமும் காட்டியதில்லை. காட்டினால் நம்புவார்கள்தான். ஆனால் அந்த அழைப்பு அவள் பெயரில் பதிவாகியிருக்காது.

அவள் நம்பரை நான் 'எடுக்காதே 3' என்று போட்டு வைத்திருந்தேன்.