டாக்டர் கடைசியாகச் சொன்னது

அக்காவின் மகளுக்கு ஒன்றரை வயதில் சிறுநீர் போகும் இடத்தில் தோல் ஒட்டியிருப்பதைத் தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கில் மிட்வைஃப் கவனித்துச் சொன்னார். பிள்ளை குறையோடு பிறந்துவிட்டது என்று நினைத்த அக்கா லயத்து வீடுகளில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பதுளை டவுனில் டாக்டரிடம் போகும்போது என்னை மட்டும் கூட்டிப்போனாள். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அவருடைய சிங்களம் எனக்குத்தான் புரியும்.

இது பிறவிக் குறை அல்ல, சின்னப் பெண் பிள்ளைகளுக்கு வருவதுதான், கிரீம் பூசினால் பெரும்பாலும் பிரிந்துவிடும் என்றார் டாக்டர். வரிக்கு வரி தமிழில் சொன்னேன். அக்கா அழுதாள். நாங்கள் எழுந்த பிறகு, பிரிந்தாலும் மறுபடி ஒட்டாமலிருக்கச் சில மாதம் வாசலின் களிம்பு தடவச் சொன்னார். அது சின்ன விஷயம் என்று நானே முடிவு செய்து சொல்லாமல் விட்டேன்.

ஆறு வாரத்தில் தோல் பிரிந்தது. நாலு மாதத்தில் மறுபடியும் ஒட்டிக்கொண்டது.

"இனி வெட்டித்தான் எடுப்பாங்களா?" என்று மறுபடி பதுளைக்குப் போகும் பஸ்ஸில் அக்கா கேட்டாள். போன தடவை நான் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"படிச்ச புள்ள, இந்தத் தடவ அவரு தும்முனாக்கூட எனக்குச் சொல்லிப்புடு."

டாக்டர் மறுபடியும் கிரீம்தான் எழுதினார். கதவருகே போனதும் நானே திரும்பி, வேறு ஏதாவது உண்டா என்று கேட்டேன். வாசலின் களிம்பு, என்றார். இந்த முறை பிள்ளையைக் கழுவும்போதெல்லாம் அக்கா அதைத் தடவினாள். பிள்ளைக்கு இப்போது மூன்று வயது. பிறகு ஒட்டவில்லை, வெட்டவும் வேண்டியிருக்கவில்லை.