மூடியில் சிக்கிய மிளகாய்

எல்லோரும் என்னைச் சாது என்பார்கள். அந்தப் பயணம் வரைக்கும் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிக்கப் வண்டியில் டிரெய்லரைக் கோத்துக்கொண்டு, குடும்பத்தோடு அடிக்கடி கூடாரம் போடப் போவோம். சாமான் வைக்கும் பிக்கப்பின் பின்தொட்டிமேல் கட்டும் தார்ப்பாய் காற்றில் படபடத்துக் கிழிந்துபோகும். அதனால் மைசூரில் பல கடை ஏறி இறங்கி, தண்ணீர் புகாதபடி ஓரத்தில் ரப்பர் பட்டை வைத்த கெட்டி மூடி ஒன்றைத் தொட்டிக்குப் போட்டேன். என் மனைவியின் அண்ணன் சிரித்தார். "இதுக்கு ஒரு தார்ப்பாய் போதாதுங்களா மாப்ள?"

மாதேஸ்வரன் மலை அடிவாரத்துக்குக் கிளம்பிய காலையில், "புது மூடி, கண்ணு பட்டுருமுங்க" என்று எலுமிச்சை மிளகாய்ச் சரத்தை மூடியின் ஓரத்தில் மச்சானே கட்டினார்.

கொள்ளேகால் தாண்டியதும் பிடித்த மழை விடவில்லை. போய் இறங்கி மூடியைத் தூக்கினால், படுக்கக் கொண்டுபோன மெத்தையெல்லாம் ஊறிக் கிடந்தது. "நாந்தான் அப்பவே சொன்னனே" என்று மச்சான் கூட வந்த ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிச் சிரித்தார். நான் மூடியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். ரப்பர் பட்டைக்கும் மூடிக்கும் நடுவே அவர் கட்டிய மிளகாய் நசுங்கிக் கிடந்தது. அந்த இடுக்கு வழியாகத்தான் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

அப்போதே காட்டியிருக்கலாம். சாப்பாட்டு நேரம் வரை அவரைச் சிரிக்க விட்டேன். எல்லோரும் இலை முன் உட்கார்ந்ததும், நசுங்கிய சரத்தை அவர் இலையில் வைத்தேன்.

"கண்ணு பட்டுருச்சுங்க மச்சான். உங்க மிளகாதான் மூடிய மூட விடல."

அவர் தலை நிமிரவே இல்லை. அன்றிரவு ஈர மெத்தையில்தான் படுத்தேன். அவ்வளவு சுகமாக நான் தூங்கியதே இல்லை.