கடல் தெளியட்டும் என்றேன்

என் அத்தானை ஆபீசில் எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். காலை எட்டு மணிக்கு வண்டியில் ஏறி வாயைத் திறந்தால், மாலை ஆறு மணிக்கு விருந்தாளிகளை விடுதி வாசலில் இறக்கும்வரை மூடாது. அவர் கைடு, நான் டிரைவர். ஒரு நாளைக்கு ஒரு குடும்பம், அவர்களுக்கு மட்டும் ஒரு வண்டி. கடலோரச் சாலையில் கூட்டிப்போய் பழைய கோட்டை, கலங்கரை விளக்கம், கரையில் மோதி உடைந்த கப்பல், பாறை வளைவு, கடைசியில் கல் துறைமுகம் எல்லாம் காட்டிப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும். இருபத்தாறு வருடம் இந்த ஒரே சாலையில் ஓடினோம். எனக்கு இரண்டாம் வருடமே அலுத்துவிட்டது. அந்த மனுஷனுக்கு ஒரு நாள்கூட அலுக்கவில்லை.

பெரிய படிப்பெல்லாம் கிடையாது. இருபது வயதில் கோட்டை வாசலில் டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். உள்ளே போகிற கைடுகள் சொல்வதைக் காதில் வாங்கி, காதில் விழாததைக் கெஞ்சிக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கைடு பரீட்சைக்குப் போனார். இரண்டு தடவை பெயில். மூன்றாம் தடவை நேரில் கேள்வி கேட்டவர் முக்கால் மணி நேரம் இவர் பேச்சைக் கேட்டுவிட்டு, "போதும்ப்பா, எனக்குத் தலை வலிக்குது, நீ பாஸ்" என்றாராம். இதை அத்தானே சொல்லிச் சிரிப்பார். என் அக்காவைக் கட்டிக்கொண்ட பிறகு, வேலை வெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த என்னைப் பிடித்து வண்டிச் சாவியைக் கையில் கொடுத்ததும் அவர்தான். அதனால் அவரை நான் திட்டுவேன். வேறு எவனாவது திட்டினால் சட்டையைப் பிடிப்பேன்.

அவர் வேலை செய்கிற விதம் ஒன்று உண்டு. முன் சீட்டில் உட்கார்ந்தாலும் உடம்பு முழுக்கப் பின்னால் திரும்பித்தான் இருக்கும். இறங்குகிற இடத்திலும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விருந்தாளிகளைப் பார்த்தபடி நிற்பார். "நாமளும் கடலைப் பாத்தா அவங்க போனை எடுத்துடுவாங்க மாப்ளே. மூஞ்சியப் பாத்துப் பேசணும். எந்த இடத்துல கண்ணு விரியுதோ அங்க ரெண்டு வார்த்தை கூடச் சொல்லணும்" என்பார். அப்படித்தான் இருபத்தாறு வருடமும் பேசினார். ஒருத்தர் முகம் வாடினால் அடுத்த நிமிடம் கதை மாறிவிடும். அக்காவுக்கும் அவருக்கும் பிள்ளை இல்லை. அக்கா அதிகம் பேச மாட்டாள். அந்த வீட்டுக்கும் சேர்த்துப் பேசினவர் அவர்.

போன வருடம் ஒரு சாயங்காலம் விடுதி வாசலில் ஒரு பெரியவர் கிளம்பும்போது அத்தானுக்குக் கை நீட்டினார். இவர் சிரித்துக்கொண்டே நிற்கிறார், கையைக் கொடுக்கவில்லை. அந்தப் பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையைப் பையில் விட்டுக்கொண்டு போய்விட்டார். வண்டியில் ஏறியதும் எனக்கு வந்ததே கோபம்.

"என்ன அத்தான் இது, மரியாதை தெரியாத ஆளா நீங்க? கைய நீட்டிட்டு நிக்கிறாரு, மரம் மாதிரி நிக்கிறீங்க."

"கை நீட்டினாரா?" என்றார்.

அப்படி அவர் கேட்டதும்தான் எனக்கு மற்றதெல்லாம் நினைவு வந்தது. முந்தின மாதம் ஒரு பலகையில் இடித்துக்கொண்டார். அதற்கு முன்னால் ஒரு குழந்தையின் பையை மிதித்தார். இரண்டுக்கும் நான் சிரித்திருக்கிறேன்.

கண் டாக்டர் இருட்டு அறையில் என்னென்னவோ பொட்டு வெளிச்சம் காட்டிப் பார்த்தார். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு செத்துக்கொண்டு வருகிறதாம். ஓரப் பார்வை முதலில் போகுமாம். நேரே எதிரில் இருப்பது கடைசிவரை தெரியுமாம், அதனால்தான் நோயாளிக்கே தெரியாமல் முற்றிவிடுகிறதாம். முகத்தைப் பார்த்தே பிழைத்த ஆளுக்கு முகம் மட்டும் தெரிந்துகொண்டிருந்தால் எப்படிச் சந்தேகம் வரும்? "போனது திரும்பாது. சொட்டு மருந்து விடுங்க. ஒரு வருஷம் தாங்கலாம், அதுக்கு முன்னாடியும் போகலாம்" என்றார் டாக்டர். சொட்டு மருந்து விடும் நேரத்தை அக்கா ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டாள்.

அத்தான் மறுநாளே ஆபீசுக்குப் போய் கைடு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் வேண்டாம் என்றேன். கூடவே நடக்கிறேன், கையைப் பிடித்துக்கொள்கிறேன், யாருக்கும் தெரியாது என்றேன். "பாறை உச்சில ஒரு குழந்தை என் கால்கிட்ட வந்து நின்னா எனக்குத் தெரியாதுடா" என்றார்.

அட்டையைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் அதைக் கேட்டார்.

"மாப்ளே, ஒரு நாள் என்னை விருந்தாளியா ஏத்திட்டுப் போறியா? உங்கக்காவும் வரட்டும். பின் சீட்ல உக்காந்து பாத்துட்டு வரணும்."

"தினம் பாக்குற கடல்தானே அத்தான்."

"எங்க பாத்தேன்? கடல்தான் என் முதுகைப் பாத்துச்சு" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "நெசமாத்தான் சொல்றேன். நான் ஒழுங்கா பாத்ததே இல்ல. கண்ணு இருக்குறப்பவே ஒரு தடவை பாத்துடணும்."

இவ்வளவுதான் அந்த மனுஷன் ஆசைப்பட்டது. வீடு கேட்கவில்லை, தங்கம் கேட்கவில்லை. என் வண்டியில், என் கையில் இருந்த ஒரு காரியம்.

முதலில் குறித்த நாளுக்கு முந்தின மாலை, ஆபீசில் புக்கிங் எடுக்கும் அம்மா போன் செய்தார். இரண்டு வயதான சகோதரிகள், வெகு தூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் இருக்கிறது என்றார். அத்தானிடம் சொன்னேன். "விருந்தாளி முக்கியம், போ" என்றார். இரண்டாம் தடவை எனக்கு லீவு கிடைத்த நாளில் விடியும்போதே மூடுபனி. போன் செய்து, இன்றைக்கு ஒன்றும் தெரியாது என்றேன். "பரவால்ல மாப்ளே, பக்கத்துல இருக்குறதாவது தெரியும்ல" என்றார். நான் கேட்கவில்லை. காசு வாங்காத விருந்தாளி என்றாலும் மூடுபனியில் கூட்டிப்போனால் என் தொழிலுக்கே அவமானம் என்று நினைத்தேன்.

மூன்றாம் தடவை மழைக்காலம் தொடங்கிவிட்டது. ஆற்றுத் தண்ணீர் கலந்து கடல் பழுப்பாகக் கிடந்தது. மூன்று மாதம் போனால் சேறு படிந்து தண்ணீர் தெளியும். அப்போது பாறை வளைவுக்கு மேலே நின்று பார்த்தால் கடலின் அடி தெரியும். அந்த மாதம் வாருங்கள் என்றுதான் இருபத்தாறு வருடமாக எல்லோருக்கும் சொல்லிவந்தோம்.

"கடல் தெளியட்டும் அத்தான். பாக்குறதே ஒரு தடவை, அத நல்லதா பாக்கணும்" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றார்.

வேறு தொழில்காரன் எவனும் இந்த முட்டாள்தனத்தைச் செய்திருக்க மாட்டான். பார்வை போய்க்கொண்டிருக்கிறவனை இன்றைக்கே கூட்டிப்போக வேண்டும் என்று பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் வெயிலும் வெளிச்சமும் பார்த்து நாள் குறிக்கிறவன். எனக்குத் தெரியவில்லை.

மழை விட்டதும் சீசன் பிய்த்துக்கொண்டு போயிற்று. மூன்று வாரம் நான் அக்கா வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. போனில்தான் நாள் சொன்னேன். "வந்துடுறோம்" என்றாள் அக்கா.

அன்று மாதிரி ஒரு நாளை நான் பார்த்ததில்லை. வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை. வண்டியைக் கழுவித் துடைத்து, பின் சீட்டில் வெள்ளைத் துண்டு விரித்து, விருந்தாளிகளுக்கு வைப்பது மாதிரி இரண்டு தண்ணீர் பாட்டில், இரண்டு தொப்பி வைத்தேன். அக்கா அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஏற்றினாள். பார்வை குறைந்துவிட்டது, அதனால் பிடித்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். நான் கதவைத் திறந்துவிட்டுக் குனிந்து, "வணக்கம் ஐயா, இன்னிக்கு நான்தான் உங்க டிரைவர், நான்தான் உங்க கைடு" என்றேன்.

"கைடு அதிகம் பேசுவாரோ?" என்றார்.

"பழைய கைடு அளவுக்கு இல்லீங்க."

அக்காகூடச் சிரித்தாள்.

கோட்டையில் நான் உளறிக் கொட்டினேன். கப்பலுக்குச் சொல்ல வேண்டிய கதையைக் கோட்டைக்குச் சொல்லிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கோட்டைக்குள்ள கப்பல் எப்படி மோதுச்சுங்க?" என்றார். கலங்கரை விளக்கத்தில் நூற்றிருபது படி என்றேன், நூற்றிரண்டு என்று திருத்தினார். உடைந்த கப்பலுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டோம். "துரு எவ்வளவு செவப்பா இருக்கு பாருங்க" என்றாள் அக்கா. "ஆமா" என்றார் அவர். நல்ல விருந்தாளி கேட்கிற கேள்வியெல்லாம் கேட்டார். அந்தப் பாறை எவ்வளவு தூரம், இந்தப் பறவை எங்கிருந்து வருகிறது என்று விடவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மூன்று மாதம் காத்திருந்தது வீண்போகவில்லை என்று மனசுக்குள் என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

பாறை வளைவுக்குப் போகும்போது மணி நான்கு. அந்த நேரத்தில் அங்கே வெயில் நேராக முகத்தில் அடிக்கும். தொப்பி வைத்திருப்பதே அந்த இடத்துக்காகத்தான். நான் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். தண்ணீர் அப்படித் தெளிந்திருந்தது. அடியில் கிடந்த கற்களை எண்ணலாம்.

அத்தான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன. சூரியன் நேரே அதற்குள் விழுகிறது, இமைகூட அசையவில்லை.

"வளைவுக்குள்ள தண்ணி பூந்து வர்றது எவ்வளவு அழகு மாப்ளே" என்றார்.

நான் சத்தம் போடாமல் நான்கு அடி நகர்ந்து அவருக்கு நேர் எதிரே போய் நின்றேன். அவர் நான் முன்பு நின்ற பக்கம் முகத்தைத் திருப்பி என்னோடு பேசிக்கொண்டிருந்தார்.

அக்காவைத் தனியாக வண்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். "எத்தனை நாளாச்சு?" என்றேன்.

"பதினாறு நாள்" என்றாள். "காலைல எந்திரிச்சு, என்ன இன்னும் லைட்டு போடலையான்னாரு. விடிஞ்சு ரொம்ப நேரமாயிருந்துச்சுடா. டாக்டர்கிட்ட ஓடினோம். இனிமே ஒண்ணும் இல்லன்னுட்டாரு."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல? நான் என்ன வெளியாளா?"

"சொல்லத்தான் போனை எடுத்தேன். அவருதான் வாங்கி வச்சுட்டாரு. அவன் ஆசையா நாள் குறிச்சிருக்கான், இப்பச் சொன்னா தாங்க மாட்டான், ஒரு நாள்தானே, போயிட்டு வந்துடுவோம்னாரு. கலர் எல்லாம் நீ எடுத்துக் குடுன்னாரு."

வண்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று யாராவது பேச்சுவாக்கில் சொன்னால்கூட இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

திரும்பி வந்து, "வீட்டுக்குப் போலாமா அத்தான்? களைச்சுப் போயிட்டீங்க" என்றேன். குரலை ஒழுங்காகத்தான் வைத்துக்கொண்டேன்.

"இன்னும் துறைமுகம் பாக்கி இருக்கே. பாதியில கூட்டிட்டுப் போற பழக்கம் நமக்கு இல்லையே" என்றார்.

துறைமுகத்துக்கு விட்டேன். பழைய கல் படியில் அவரை உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா ஒரு படி மேலே உட்கார்ந்தாள். நான் என் கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். கதை இல்லை, வருடக் கணக்கு இல்லை. மூன்று படகு நிற்கிறது, ஒன்றுக்குப் பச்சை, இரண்டுக்கு நீலம். தண்ணீர் கல்லில் ஏறி இறங்குகிறது. ஒருத்தர் வலையை மடிக்கிறார். இப்படிச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் இடையில் எதுவும் கேட்கவில்லை. அழகு என்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பேச்சு நடுங்குவதைக் கண்டுபிடிக்க அவருக்குக் கண் தேவையில்லை.

"மன்னிச்சுடுங்க அத்தான்" என்றேன்.

அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். இருபத்தாறு வருடத்தில் நான் செய்த எல்லாத் தப்புக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். வண்டியை மரத்தில் மோதினபோதுகூட அதைத்தான் சொன்னார். இப்போது முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். ஒரு நாளும் அவர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"பனியா இருந்துச்சே, அன்னிக்கே வந்திருக்கலாம் மாப்ளே" என்றார். "எனக்கு ரொம்ப ஆசையா இருந்துச்சு."